நடை சொன்ன பெயர்

மெய்நிகர்த் தெருவில் எதிர்ப்பட்ட காவலர் பெயர் கேட்டார். செவ்வந்தி தயங்காமல் ஒரு பொய்ப் பெயரைச் சொன்னாள். வங்கி வாசலில் ஒரு பெரியவர், "கார்டைக் குடும்மா, நானே பணம் எடுத்துத் தர்றேன்" என்றார்; அவள் கொடுக்கவில்லை. விழிக்கவசத்தைக் கழற்றியதும் தெரு மறைந்து, ஆய்வகத்தின் வெள்ளைச் சுவர்கள் தோன்றின.

"வந்தவங்கள்ல நீதான் முதல் மார்க். இவ்வளவு உஷார் எங்கேம்மா கத்துக்கிட்ட?" என்றார் முனைவர் வெண்ணிலா.

"சாதி விட்டுக் கட்டிக்கிட்டா தானா வந்துரும் மேடம்."

மக்கள் தம் மறைவுகளை எவ்வாறு காக்கிறார்கள் என்று கண்டறியவே அந்த மெய்நிகர் அரங்கு அமைந்தது. அங்கே எவர் பெயரும் கேட்கப்படவில்லை. எவர் முகமும் பதியப்படவில்லை. தலை சாய்வதும் கை வீசுவதும் கால் ஊன்றுவதும் மட்டுமே அளக்கப்பட்டன. பெயரற்ற அந்த அசைவுகளை அறிவுலகத்துக்குக் கொடையாகத் திறந்து வைத்தார் வெண்ணிலா.

கொடையை முதலில் அள்ளியது வணிகம்! அவ்வசைவுகளைப் பயின்று, நடையை வைத்தே ஆளை அடையாளம் காணும் நடையறிவான் கருவிகள் பேருந்துக் கதவுகளிலும் தெருமுனைகளிலும் முளைத்தன. காணாமற்போன உறவினரின் பழைய காட்சிப்பதிவு ஒன்றைக் கொடுத்தால், அவர் நடமாடும் இடத்தை அவை சொல்லிவிடும். அன்பின் பெயரால் வந்த கருவியை எந்தச் சட்டம் தடுக்கும்?

செவ்வந்தியின் அண்ணன் கார்மேகம் கொடுத்தது அவளுடைய மஞ்சள் நீராட்டு விழாப் பதிவு. ஒரு சிறுமியின் உடலில் நேர்ந்ததை ஊருக்கே அறிவித்து, மேடையேற்றிப் படம் பிடித்தது நம் வழக்கம். அந்த வழக்கமே இன்று அவளை வேட்டையாடக் கிளம்பியது.

செவ்வந்தி அடுத்த சோதனைக்கு வந்திருந்தபோது ஆய்வகத்துத் தொலைபேசி ஒலித்தது. பேசியவன் கார்மேகம்.

"மேடம், உங்க ஆராய்ச்சியில நடக்குறது எங்க வீட்டுப் புள்ளன்னு மெஷின் சொல்லுது. அம்மா சோறு திங்காம கெடக்கு. அட்ரஸ் மட்டும் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

"வேணாம். தெருமுனை சொல்லும்."

வெண்ணிலா செவ்வந்தியின் அசைவுப் பதிவை அழித்தார். அதன் படிகளோ உலகெங்கும் இருந்தன. காவல் நிலையத்தை அழைத்தார். "அண்ணன் தங்கச்சியத் தேடுறது குத்தமாம்மா?" என்று கேட்டது மறுமுனை.

"நடைய மாத்திக்கிறேன் மேடம்" என்றாள் செவ்வந்தி. நொண்டினாள். மூட்டை சுமப்பவள்போல் குனிந்தாள். விரல்நுனியில் நடந்தாள். ஒவ்வொரு முறையும் ஆய்வகத் திரையில் அவளுடைய நடைக்குரிய அதே அடையாள எண் மின்னியது. அவள் தரையில் சரிந்தாள்.

"வீட்ல கைக்குழந்த பாலுக்கு அழும். இந்தக் கால நான் எங்க மேடம் கழட்டி வைக்கிறது?"

வெண்ணிலா ஒரு சக்கர நாற்காலியை உருட்டி வந்தார். "உட்காரு. நீ நடக்கவே வேணாம்."

அவளுக்குப் போர்வை போர்த்தி, வாசல்வரை தள்ளிச் சென்றார். அங்கே அவருடைய கைப்பேசி ஒலித்தது.

"உள்ள போனவ இன்னும் வெளிய வரலன்னு மெஷின் சொல்லுது மேடம். தூக்கிட்டுப் போவீங்களோ, தள்ளிட்டுப் போவீங்களோ, போங்க." கார்மேகம் சிரித்தான். "நீங்க மேடையில நடந்து நடந்து பேசுற வீடியோதான் ஊரு பூரா கெடக்கே. இப்ப அதையும் மெஷினுக்குக் குடுத்துட்டோம்."

வெண்ணிலா நாற்காலியைப் பற்றியபடியே நின்றார். தெருவுக்கு இன்னும் ஓர் அடிதான் இருந்தது. அந்த அடியை அவர்தான் எடுத்து வைக்க வேண்டும்.