கழுவாத ஒரு நாள்

காலை ஏழு மணிக்கு ஜெசிந்தா வழக்கம்போல் மருத்துவமனை வரிசையில் நின்று, பிடரியில் அறிவுவில்லையைப் பொருத்திக்கொண்டாள். ஒரே நிமிடத்தில் மகப்பேறு மருத்துவம் முழுவதும் அவளுக்குள் இறங்கியது. மாலையில் வில்லையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ‘நாட்கழுவல்’ செய்துகொள்ள வேண்டும். அன்று வேலையில் நடந்தது எல்லாம் அதோடு போய்விடும். மருத்துவர் கையில் பழைய பயம் தங்கக் கூடாது என்று கொண்டுவந்த சட்டம் அது. பதினொரு வருடமாக இப்படித்தான்.

அன்று பிரசவ வலியோடு வந்த பெண்ணின் பெயர் பிளவேந்திரி.

“என்னையத் தெரியுதா டாக்டர்?”

“தெரியலையேம்மா.”

“போன வருசம் என் பிள்ள உங்க கையிலதான் செத்துச்சு. தோளு மாட்டிக்கிட்டு. நீங்க என் பக்கத்துல தரையில உக்காந்து அழுதீய.”

ஜெசிந்தாவுக்குள் எதுவும் அசையவில்லை. “அப்புறம் ஏம்மா எங்கிட்டயே வந்தீங்க?”

“வேற யாரும் அழலையே.”

நண்பகலில் தலை வெளிவந்தது. தோள் மாட்டிக்கொண்டது. வில்லை தந்த அறிவு ஆறு வழிமுறைகளை வரிசையாக நீட்டியது. ஜெசிந்தா முதலாவதைத் தொடங்கும்போது பிளவேந்திரி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அன்னைக்கும் இதைத்தான் செஞ்சீய. கடைசியாத்தான் கவுந்து கையும் முட்டியும் ஊனச் சொன்னீய. அப்பந்தான் பிள்ள அசைஞ்சுது. அதுக்குள்ள நேரம் போயிட்டு.”

ஜெசிந்தா தொடங்கியதை அப்படியே விட்டாள். “திரும்பும்மா, கையும் முட்டியும் ஊனிக்கோ” என்றாள். இரண்டாவது முக்கலில் தோள் நழுவி வந்தது. குழந்தை அழுதது.

ஜெசிந்தாவே ஒருமுறை கண்டறிந்து கழுவிவிட்டதை, செத்த பிள்ளையின் தாய்தான் அவளுக்காகச் சுமந்து வந்திருக்கிறாள். கை கழுவும்போது அது அவளை உலுக்கியது. இதற்குமுன் இப்படி எத்தனை பேரிடம் கற்றதைக் கழுவிவிட்டிருப்பாள்? யாரைக் கேட்பது?

மாலையில் வில்லையைக் கழற்றிக் கொடுத்தாள். “கழுவ வேண்டாம்.”

வில்லைப் பொறுப்பாளர் அருளப்பன் நிமிர்ந்து பார்த்தார். “யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு நாள் நினைவு தங்கிட்டாக்கூட அப்புறம் எந்த வில்லையும் ஏத்த முடியாது. டாக்டர் வேலையே போயிரும்.”

“தெரியும்.”

மறுநாள் அவளுக்கு அதே பிரசவ வார்டில் துணி மடிக்கும் வேலை கொடுத்தார்கள். வில்லை தந்த மருத்துவம் பெயரளவில்கூட மிஞ்சவில்லை. மூன்றாம் கட்டிலில் தலைப்பிரசவத்துக்கு வந்த பெண் முனகினாள். “அக்கா, உங்களுக்கு இதப் பத்தி எதாச்சும் தெரியுமா?”

“ஒண்ணே ஒண்ணு தெரியும்” என்ற ஜெசிந்தா, துணியை வைத்துவிட்டு அருகே உட்கார்ந்து, நேற்று நடந்ததை நிதானமாகச் சொல்லத் தொடங்கினாள்.