யாருக்கு எடுத்த அளவு

சமையல் மேடை அவளுடைய மார்பு உயரத்துக்கு இருந்தது. கண்கட்டை அவிழ்த்ததும் எல்லோரும் கைதட்டினார்கள், கேமரா கிட்டே வந்தது, அவளும் வாயைப் பொத்திக்கொண்டு ஆச்சரியப்பட்டாள். ஆனால் இதில் காய் நறுக்க முக்காலி போட்டல்லவா ஏற வேண்டும் என்பதுதான் முதலில் மனதில் ஓடியது.

பழைய வீடுகளைப் புதுப்பித்து லாபத்துக்கு விற்றுக் காட்டும் அந்த நிகழ்ச்சியை அவளும் கணவனும் வாரம் தவறாமல் பார்ப்பார்கள். அப்பா அவள் பெயரில் எழுதி வைத்த வீட்டுக்கு அதில் இடம் கிடைத்தபோது, "விக்கிறதெல்லாம் இல்ல. நாம இருக்கறதுக்கே செஞ்சு தர்றாங்க" என்றான் கணவன். ஒரே நிபந்தனை, திறந்து காட்டும் நாள்வரை அவள் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. முகத்தில் நிஜமான ஆச்சரியம் வேண்டுமாம். அவன் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, இரண்டு மாதம் அக்கா வீட்டில் இருந்தாள். கட்டினவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

படப்பிடிப்பு முடிந்து, பிற்பகல் வெயிலில் டிவிக்காரர்கள் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, அவள் தனியாக வீட்டைச் சுற்றி வந்தாள். புதுப் பெயின்டும் மரத்தூளும் பசையும் கலந்த வாசனை, அதற்கு அடியில் வேறொரு வாடை, நெடுநாள் மூடிக் கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்ததுபோல. குளியலறைக் கண்ணாடியில் அவளுடைய உச்சி வகிடு மட்டும் தெரிந்தது. துண்டு மாட்டும் கொக்கிகள் எம்பினாலும் எட்டவில்லை. கட்டில் ஒரு சுவரில் தொடங்கி எதிர்ச் சுவரில் போய் முடிந்தது. கதவுகளின் நிலைகளையெல்லாம் கூரைவரை உயர்த்தியிருந்தார்கள். முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எவளோ ஒரு நெட்டைக்காரிக்கு அளவெடுத்துக் கட்டியிருக்கிறான்!

வாசலருகே உளிகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்த தச்சரைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரை நிக்க வச்சு அளவெடுத்தீங்க?"

"வாங்குறவங்களத்தாம்மா. சார்தான் கூட்டிட்டு வந்தாரு."

"வாங்குறவங்களா? ஆம்பளையா, பொம்பளையா?"

"நான் நிமிந்து பாக்கலம்மா." தச்சர் பையைத் தோளில் போட்டார். "முழங்கை வரைக்கும்தான் அளந்தேன். மேல பாக்க வேணாம்னு சார் சொல்லிட்டாரு."

அவர் இறங்கிப் போன வேகத்தைப் பார்த்ததும் அவள் உள்ளே ஓடினாள். கூடத்தில் கணவன் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"வித்துட்டீங்களா? எங்கப்பா வீட்டையா?"

"ஆமா."

"அப்ப நாம எங்க போறது?"

"நான் போறேன். நீ இருக்கணும்." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "படம் எடுத்தபடியே வேணும்னு கேட்டுட்டாங்க. சோபா, திரைச்சீலை, விளக்கு, எல்லாம். படத்துல நீயும் இருக்கியே. நீயே கையெழுத்துப் போட்டுத்தானே குடுத்திருக்கே?"

இது விளையாட்டு என்று அவன் சிரிப்பதற்காகக் காத்திருந்தாள். அவன் சிரிக்கத்தான் செய்தான், கேமரா முன்னால் சிரித்த அதே சிரிப்பு. நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பதை அதுவரை பிறர் வீட்டுக் கதையாகவே அவள் கேட்டிருந்தாள். பதினோரு வருடம் பக்கத்தில் படுத்திருந்தவன். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் விழித்திருந்தவன். அவள் கூப்பிடுவதற்குள் அவன் வெளியே போய்க் கதவைப் பூட்டிவிட்டான். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. தெரு ஓய்ந்தது.

டொக்.

படுக்கையறையிலிருந்து. வீடு வாங்க வருகிறவர்கள் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்ப்பதை நிகழ்ச்சியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். உள்ளே காலியாக இருந்தால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். தட்டிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார்கள். பிறகு அடுத்த சுவர்.

டொக். கூரையை ஒட்டி, எந்த மனிதக் கையும் எட்டாத இடத்தில். அவள் கதவை இழுத்தாள், குத்தினாள், அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். சன்னல்களில் புதுக் கம்பிகள்.

டொக். நடையில்.

டொக். கூடத்துச் சுவரில்.

தொட்டி வாடை. தரையில் நிழல் நீண்டு வந்து அவள் பாதங்களை மூடிக்கொண்டது. கதவில் முதுகை ஒட்டி நின்றாள். நிமிரவில்லை. நிமிரக் கூடாது.

டொக். காதோரக் கதவில்.

பிறகு, அதே விரல். சில்லென்று. அவளுடைய நெஞ்செலும்பில்.

டொக்.

மேலேயிருந்து எதுவோ மடிந்து மடிந்து இறங்கியது. ஈரமான காது ஒன்று அவள் மார்போடு ஒட்டிக்கொண்டு, உள்ளே காலியாக இருக்கிறதா என்று நிதானமாகக் கேட்கத் தொடங்கியது.