குளியலறைக் கதவில் ஒட்டிய கடிதம்

"எத்தனை தடவை சொல்றது? இது பாங்க்காரியோட நேரம்! உனக்கு எட்டு மணிக்குத்தான்... வெளிய வா!"

மாமியார் ஸ்கேலால் கதவைத் தட்டினார். தலைமை ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அட்டவணை போடும் பழக்கம் மட்டும் ஓயவில்லை. வீட்டின் ஒரே குளியலறைக்கும் ஒன்று எழுதிக் கதவில் ஒட்டியிருந்தார்.

"மணிக்கு மூணு தடவை உள்ள போறாங்க அத்தை! வேலைக்கு டிமிக்கி," என்றாள் பாங்க்காரி, பாங்க்கில் வேலை பார்க்கும் இளைய மருமகள்.

உள்ளே மூத்த மருமகள், தையல்காரி, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பத்து வருடங்களுக்கு முன், மாமியார் வெளியூர்ப் பள்ளியில் இருந்தபோது, அவளுக்குக் கருப்பை வாயில் புற்றுநோய். கீமோவும் ரேடியேஷனும் சேர்த்துக் கொடுத்தார்கள். கட்டியைப் பொசுக்கிய கதிர், பக்கத்திலிருந்த சிறுநீர்ப்பையையும் விடவில்லை. அந்தக் காயம் உடனே தெரியாது. வருடக்கணக்கில் மெல்ல இறுகும். இஸ்திரிச் சூடு பட்ட எலாஸ்டிக்கைப் போல. பார்க்க முழுசாக இருக்கும், இழுத்தால் விரியாது. விரியாத பை சீக்கிரம் நிறைந்துவிடுகிறது. சினைப்பைகளும் கருகி, முப்பத்திரண்டு வயதிலேயே மாதவிலக்கு நின்றது. உள்ளே தழும்பு இறுகி, நெருங்கினாலே வலித்தது. தலையணையோடு ஹாலுக்குப் போன கணவர், அம்மாவிடம் 'அவதான் விரட்டினா' என்று சொல்லிவிட்டார்.

வெளியே மாமியாரின் குரல் உயர்ந்தது. "குழந்தை வேண்டாம்னு சொல்லிட்டா... பொறுத்துக்கிட்டேன். இனிமே அவ அண்ணன் வீட்லயே போய் இருக்கட்டும்! நீ என்னடா சொல்றே?"

பஸ் டிரைவரான கணவர் ஷூ லேஸைக் கட்டியபடியே சொன்னார். "உங்க இஷ்டம்மா..."

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. வெளியே வந்தாள். தையல் மெஷின் டிராயரிலிருந்து ஓர் ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்து, அட்டவணையின் மேலேயே பசை தடவி ஒட்டினாள்.

"சத்தமா வாசிங்க அத்தை. பிழை இருந்தா திருத்துங்க."

மாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "பத்தாம் ஆண்டுப் பரிசோதனை. புற்றுநோய் திரும்பவில்லை... சிகிச்சையின் பின்விளைவாகச் சிறுநீர்ப்பை சுருங்கியுள்ளது... கருத்தரிக்க இயலாது. இவை சிகிச்சைக்கு முன்பே... கணவருக்கு... விளக்கப்பட்டன..."

ஸ்கேல் கீழே விழுந்தது.

"ஏன்டி... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலே?"

"உங்க பிள்ளை என் கால்ல விழுந்தாரு அத்தை! கேன்சர் வீடுன்னு தெரிஞ்சா தம்பிக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்களாம். வாயை மூடிக்கிட்டேன். பொண்ணும் வந்தாச்சு... இதோ நிக்கறா, எனக்கு மணி பார்த்துக்கிட்டு!"

பாங்க்காரி தலைகுனிந்தாள். "அக்கா..."

"அப்புறமாவது உண்மையைச் சொன்னாரா? குழந்தை வேண்டாம்னு நான் சொன்னேனாம்! அந்தப் பழியோடயே பத்து வருஷம் ஊரார் பிள்ளைங்களுக்குக் கவுன் தைச்சேன்!"

"பயந்துட்டேன்டி..." என்றார் கணவர்.

"சாகப் போனவ நான். பயந்தது நீங்களா?"

மாமியார் ஓடி வந்து கட்டிக்கொண்டார். "பாவி நான்... என்னை மன்னிச்சுடு கண்ணு!" தோளெல்லாம் நனைந்தது. மருமகளுக்கும் அழுகை முட்டியது. ஆனால் வேறொன்றும் முட்டியது.

"அழறதை அப்புறம் வெச்சுக்கலாம் அத்தை... விடுங்க, அவசரம்!"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

"ஏய்... எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு!" கணவர் கதவைத் தட்டினார்.

மாமியார் ஸ்கேலைக் கையில் எடுத்தார். "உனக்கு இனிமே நேரம் கிடையாதுடா. அவ எப்போ வர்றாளோ, அப்போதான். உக்காரு!"

உள்ளே குழாயைத் திறந்துவிட்டு அவள் சாவகாசமாக முகம் கழுவினாள். மறுபடியும் ஒரு முறை கழுவினாள்.