சாரத்தடியில் நின்றவள்

முத்தாபுதுப்பேட்டைக் கோயிலுக்கு ஜெபா சனிக்கிழமை மதியமே வந்துவிட்டாள். மறுநாள் புதுக் கோபுர அர்ப்பணிப்பு. இத்தனை வருடமும் தனிப்பாட்டு அவளுடையதுதான். இந்த முறை அதை, போன மாதம் பாடகர் குழுவில் சேர்ந்த யுவராணிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பீடத்துக்குப் பின்னால் இருந்த வெளிச்சமில்லாத அறையில், ஆர்கன் வாசிக்கும் செல்வகுமார் ஒரு பழைய படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கல்லில் வரைந்து அச்சடித்த படம். பாதி எழும்பிய தேவாலயம், நட்டுவைத்த சிலுவை, சாரம், ஏணி, சாந்து சுமக்கும் பெண்கள்.

"ஏணின்னா ஜெபம். முடியாத கோபுரம் நம்ம விசுவாசம்," என்றார்.

சாரத்தடியில் சிலுவைக்கு முதுகு காட்டி ஒருத்தி நின்றாள். ஜெபா அவளைத் தொட்டாள். "இவ யாருண்ணா?"

"பொறாமை. மேல ஏறிப் போறவளையே பாத்துகினு கீறா பாரு. கோயில் கட்டுற எடத்துலயும் அது வந்து நிக்கும்னு வரைஞ்சவன் சொல்றான்மா."

அவர் ஒத்திகைக்கு வாசிக்கப் போனார். வெளியே யுவராணியின் குரல் எழுந்தது. ஒரு பிசிறில்லை. கேட்கக் கேட்க ஜெபாவுக்கு வயிறு எரிந்தது.

"அந்தத் தொண்டை அடைச்சுப் போவட்டும்," என்று படத்தைப் பார்த்து முணுமுணுத்தாள்.

அறைக்குள் ஈரச் சுண்ணாம்பு வாடை பரவியது.

படத்தில் சாரத்தடியில் யாரும் இல்லை.

அவள் நின்ற இடத்தில் வெறும் காகிதம்.

வெளியே பாட்டு பாதி அடியில் அறுந்தது.

ஜெபா உடனே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. ஒரு மூச்சு நேரம் அந்த அமைதியை ருசித்தபடி நின்றாள். பிறகுதான் போனாள். யுவராணி மண்டியிட்டு இருமிக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் வந்து விழுந்தது வெள்ளைச் சாந்து.

"யாரோ வாய்க்குள்ள கை வுட்டாங்கக்கா," என்றாள். அதற்குப் பிறகு அவளுக்குக் குரல் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெபாதான் பாடினாள். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். யுவராணி கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை.

வீட்டுக்குப் போகும்போது, ஸ்கூட்டரின் பின்சீட்டில் அவளுடைய சின்ன மகள் பெனிட்டா அதே பாட்டைப் பாடிக்கொண்டு வந்தாள். சிக்னலில் பக்கத்து ஆட்டோவிலிருந்து எதிர்வீட்டுக் கோமளா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி ஜெபா, உன்னவுட உம் பொண்ணு சோக்கா பாடுது."

ஜெபா சிரித்தாள். உள்ளே எங்கோ சுருக்கென்றது. மிகச் சின்னதாகத்தான்.

பாட்டு நின்றது.

"கழுத்த வுடும்மா," என்றது குழந்தை, மூச்சு முட்டியபடி. "வலிக்குது."

ஜெபாவின் இரண்டு கைகளும் ஹேண்டில்பாரில் இருந்தன.