வெள்ளத்துக்குள் துணி துவைக்கும் சத்தம்

"இடி வெட்டும்போது பிளக்கைப் பிடுங்காம, பாத்துக்கிட்டா நிக்கச் சொல்லுத?"

"நான் படிக்கதே உனக்குப் பிடிக்கலண்ணே. அதான் பிடுங்குன."

"ஏட்டி, நடுரோட்டுல நின்னு பேசுத பேச்சா இது? பைய பேசு."

பாளையங்கோட்டையில் இன்பமணியின் கடை வாசலில், தூறலில் நின்றபடி நடந்த சண்டை இது. கெட்டுப்போன கம்ப்யூட்டர்களிலிருந்து தொலைந்ததை எடுத்துக் கொடுப்பது இன்பமணியின் தொழில். அதே கடையின் மறுபாதியில் ஜெராக்ஸ் மெஷின் வைத்திருப்பவர் அவருடைய தம்பி எஸ்றா. நாற்பது வயதாகிறது. அக்காவிடம் வருகிற ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு திருடன் ஒளிந்திருப்பதாக நம்புகிறவர்.

"அண்ணன்காரன்தான்க்கா. முழியே சரியில்ல" என்றார் எஸ்றா.

"ஏலே, மொதல்ல அவங்கள உள்ள வரச்சொல்லு. நனையுதாங்க."

வந்தவர்கள் குமரகுருபரனும் அவர் தங்கை மதுமதியும். துண்டில் சுற்றியிருந்த கறுப்புப் பெட்டியை மதுமதி மேசைமேல் வைத்தாள். அதற்குள் வரிசையாக நான்கு டிஸ்குகள். ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் சேர்ந்து அதிலிருந்ததைக் கணக்குப் போட்டுத் தந்துவிடும். இரண்டு போனால் எல்லாம் போச்சு.

மதுமதி ஆராய்ச்சி மாணவி. குறுக்குத்துறைப் படித்துறையில் ஆற்றுக்குள் மைக்கை இறக்கி, சித்திரையிலிருந்து கார்த்திகை வரை தண்ணீருக்கு அடியில் கேட்பதைப் பதிவு செய்திருந்தாள். வெள்ளம் வரும்போது மீன்கள் என்ன சத்தம் போடுகின்றன என்பதுதான் ஆராய்ச்சி. சித்திரையில் கை பழக எடுத்தவற்றை அழித்துவிட்டு, அந்த இடத்தில் புதியவற்றை ஏற்றியதாகச் சொன்னாள். நாலு டிஸ்க் இருக்கும்போது தனியாக நகல் எதற்கு என்று இருந்துவிட்டாள். இனி அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்க முடியாது. பதிவுகள் வராவிட்டால் அவளுடைய ஆராய்ச்சி இடம் போய்விடும்.

மழையன்று குமரகுருபரன் பிளக்கைப் பிடுங்கினார். மறுபடி போட்டபோது நாலாவது டிஸ்க் கருகியிருந்தது, பெட்டியும் திறக்கவில்லை. மற்ற மூன்றிலும் பச்சை விளக்கு. கங்கைகொண்டான் ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அந்த மூன்றையும் வைத்து மீட்டுப் பார்த்திருக்கிறார். ஆடி வரைக்கும் எல்லாம் சரியாக வந்தது. அதற்குப் பிறகு ஒரே இரைச்சல். மதுமதிக்கு அண்ணன்மேல் சந்தேகம். அண்ணன் இல்லையென்றால், அறையைப் பெருக்க வருகிற அண்ணன் மனைவி ஞானம்பாள் ஒயரை இழுத்திருக்க வேண்டும் என்றாள்.

"அந்த இரைச்சலைக் கேக்கலாமா?" என்றார் இன்பமணி.

மதுமதி லேப்டாப்பைத் திறந்தாள். திரையின் ஓரத்தில் கறுப்பு ஒட்டுப் பொட்டுகள் வரிசையாக இருந்தன. எஸ்றா அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்துக்கொண்டார்.

இன்பமணி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். கடை எங்கோ தள்ளிப் போயிற்று. தலைக்கு மேலே பெருவெள்ளம் புரண்டு போனது. கூழாங்கற்கள் ஒன்றையொன்று உரசின. நடுவில் கொஞ்சம் கரகரப்பு. பிறகு வெள்ளம் சட்டென்று அடங்கி, மெலிந்த நீரோட்டத்தில் தொம், தொம் என்று ஒரு சத்தம். மறுபடி வெள்ளம். அவர் நெடுநேரம் அப்படியே இருந்தார். தூங்கிவிட்டாரோ என்று எஸ்றா குனிந்து பார்த்தார்.

"இது என்னைக்கு எடுத்ததும்மா?"

"கார்த்திகைல. படித்துறையே முங்கிக் கிடந்தது."

"அன்னைக்கு அங்கன துணி துவைச்சது யாரு?"

எஸ்றாவின் கையில் மயிர் சிலிர்த்தது.

"பேய் இல்லலே" என்றார் இன்பமணி. "அது சித்திரைல துவைச்ச சத்தம். இந்தப் பிள்ளை அழிச்ச பதிவு. புது வெள்ளம் இருக்க வேண்டிய இடத்துல பழசு கிடக்குன்னா, ஒரு டிஸ்க் பாதியிலயே எழுதுறத நிறுத்திட்டுன்னு அர்த்தம். ஆடி வரை சரியா இருக்கு. அப்போ ஆடியில நின்னுருக்கு. மத்த மூணுந்தான் அதுக்கப்புறம் பாரத்தைச் சுமந்திருக்கு. மழையன்னைக்கு அதுல ஒண்ணு கருகிட்டு. பிளக்கைத் திரும்பப் போட்டதும், நின்னுபோனது ஒண்ணுமே நடக்காத மாதிரி பச்சை விளக்கோட முழிச்சிக்கிட்டு."

"அப்போ உசிரோட இருக்கது பொய் சொல்லுது, கருகினதுதான் நெசம் சொல்லும்ங்கியா?" என்றார் எஸ்றா.

"ஆமா. உங்க நண்பர் நல்லதுன்னு நம்பி சேத்தது அந்தப் பொய்யத்தான். அதைத் தள்ளிவச்சிட்டு, கருகினதுக்கு உசிர் கொடுக்கணும். அதைக் கருக்கினது இடிதான், பிளக்கைப் பிடுங்கினவர் மேல தப்பில்ல."

குமரகுருபரன் பெருமூச்சு விட்டார். "ஆனா ஒண்ணு நின்னா பச்சைக்குப் பக்கத்துல தனியா ஆரஞ்சு வெளக்கு எரியுமேக்கா. ஆடியிலருந்து ஒருத்தர் கண்ணுலயும் படலையா?"

இன்பமணியின் விரல் பெட்டியின் முகப்பில் பைய நகர்ந்தது. இரண்டாவது டிஸ்கின் ஆரஞ்சு விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் வந்து நின்றது. "யாரோ மறைச்சிருக்காங்க. அதைப் பொறவு பாப்போம். ஏலே எஸ்றா, இவரைக் கூட்டிட்டுப் போயி டீ வாங்கிக் கொடு."

அவர்கள் போனதும் இன்பமணி கேட்டார். "ராத்திரி படுக்கும்போது பொட்டை எங்க ஒட்டுவ?"

மதுமதி லேப்டாப்பைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். கறுப்புப் பிளாஸ்டிக்கின் மேல் கறுப்புப் பொட்டு இருப்பது, இன்பமணி நகத்தால் நெம்பிய பிறகுதான் தெரிந்தது.

"ஆத்தைக் கேட்டுக்கிட்டே தூங்கிருவேன்க்கா" என்றாள் மெதுவாக. "கண்ணுல வெளிச்சம் அடிச்சுது. தூக்கத்துல கைக்கு எட்டின இடத்துல ஒட்டியிருக்கேன். டிஸ்க் நின்னா பீப் அடிக்கதயும் மொத நாளே நான்தான் நிறுத்தி வச்சேன்." "அண்ணங்கிட்ட சொல்லாதீங்க."

"நான் சொல்லல. நீ சொல்லிரு."

கருகியது டிஸ்கின் அடியில் இருக்கும் மின்சுற்றுப் பலகை மட்டுந்தான். அதே மாதிரியான பழைய டிஸ்கிலிருந்து இன்பமணி ஒரு பலகையை எடுத்து, கருகியதிலிருந்த சின்னச் சில்லை அதற்கு மாற்றி, பொருத்தி, மின்சாரம் கொடுத்தார். டிஸ்க் ஒருமுறை முனகியது. பிறகு சுழன்றது. உடனே அதை நகல் எடுத்தார்கள்.

மறுநாள் மத்தியானம் அண்ணனும் தங்கையும் வந்தார்கள். ஹெட்போனில் வெள்ளம் முழுசாக ஓடியது. அதற்கு அடியில், யாரோ தூக்கத்தில் பேசுவதுபோல, மீன்கள் கர் கர் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. மதுமதி அழுதாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி அண்ணன் காதில் மாட்டினாள். அவர் கண்ணை மூடியதும், "அந்த வெளக்கை மறைச்சது நான்தாண்ணே" என்றாள்.

அவர் ஒரு காதை விலக்கினார். "என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போது குமரகுருபரன் சிரித்தார். "வெளக்கை மூடுனது ஞானம்பாளாத்தான் இருக்கும். வீட்டுக்குப் போயி அவளுக்கு இருக்கு." மதுமதி தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனாள். எஸ்றா அக்காவைப் பார்த்தார். இன்பமணி வாயைத் திறக்கவில்லை.

அவர் செய்தது சரியா? கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமா, இல்லை, அங்கேயே இல்லாத ஞானம்பாளுக்காகப் பேசியிருக்க வேண்டுமா? எனக்கு இன்னும் தீர்மானமாகத் தெரியவில்லை. படித்த நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று ஒரு வரியாவது பதில் எழுதுங்கள்.