தண்ணீர் வந்த வழி

மாமா அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வரவில்லை. வேறொரு வண்டி அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. மாமா உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தார். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்தால், ஏதோ பந்தயத்தில் ஜெயித்துவிட்டு வருகிறவர் மாதிரி இருந்தது.

சின்ன கார். இரண்டே இரண்டு இருக்கைகள். மேலே தகரத்துக்குப் பதிலாகத் துணிக்கூரை. வேண்டாதபோது அதை மடித்துப் பின்னால் தள்ளிவிட்டு, காற்று முகத்தில் அடிக்கப் போகலாம். ஒரு காலத்தில் நல்ல நீலமாக இருந்திருக்க வேண்டும். இப்போது துவைத்துத் துவைத்து வெளுத்த பள்ளிச் சீருடை போல இருந்தது.

"இது ஓடுமா?" என்று கேட்டார் அம்மா.

"ஓடும் அக்கா. கொஞ்சம் வேலை இருக்கு" என்றார் மாமா.

அந்தக் 'கொஞ்சம்' முடிவதற்குள் கோடைகாலமே முடிந்துவிட்டது.

மாமா அம்மாவின் தம்பி. அக்கா வீட்டு மாடி அறையில்தான் இருந்தார். ரொட்டிக் கடையில் வேலை. விடிவதற்கு முன்பே போய்விட்டு மதியம் திரும்பிவிடுவார். மாவு படிந்த சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கிரீஸ் படிந்த சட்டையை மாட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தால், இருட்டும் வரை காருக்கு அடியில் அவருடைய கால்கள் மட்டும்தான் தெரியும்.

அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி, குண்டூசி. ஒல்லியாக இருப்பாள், எதையும் துருவித் துருவிக் கேட்பாள் என்பதால் மாமா வைத்த பெயர். இன்னொருவன் அவளுடைய தம்பி, வால். அக்கா போகுமிடமெல்லாம் பின்னாலேயே போவதால் அந்தப் பெயர். செய்கிற சேட்டைக்கும் அது பொருத்தமாகத்தான் இருந்தது.

வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இன்ஜினை மாமா பிரித்துத் துடைத்து மாட்டினார். பிரேக்கை மட்டும் தெருமுனை மெக்கானிக் வந்து சரிபார்த்துக் கொடுத்தார். திரைச்சீலை தைத்து விற்கும் அம்மா, கிழிந்துபோன இருக்கைகளுக்குப் புது உறை தைத்தார். நைந்த கூரையை எடுத்துவிட்டு அவரே தைத்த புதுக்கூரையை மாட்டிய அன்று, நான்கு பேரும் நான்கு மூலையைப் பிடித்து இழுத்தார்கள். குண்டூசி பாலிஷ் தடவித் தேய்க்கத் தேய்க்க, மங்கிய வண்ணத்துக்குக் கீழே இருந்து பழைய நீலம் எட்டிப் பார்த்தது.

வாலின் பங்கு சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் மெல்லிய கம்பிகள் நெருக்கமாக இருந்தன. ஒவ்வொன்றையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தான். சேட்டை செய்ய நேரமே இல்லாமல் தேய்த்தான். அதைப் பார்த்து மாமா ஒரு வாக்குக் கொடுத்தார். முதல் சவாரி வாலுக்கு.

குண்டூசிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வலித்தது. அவளும்தான் கை வலிக்கப் பாலிஷ் போட்டாள். ஆனாலும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சவாரி என்று முடிவாயிற்று. வியாழக்கிழமை ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. கோடை முடிந்து வந்த முதல் மழை. மறுநாள் மதியம் மாமா காரின் கதவைத் திறந்தார். உள்ளே காலை வைத்ததும் சளக் என்றது. புதிதாக விரித்த தரைவிரிப்பு முழுக்கத் தண்ணீர். ஊறவைத்த பழைய சாக்கு மாதிரி ஒரு வாடை வேறு.

மாமா திரும்பி வாலைப் பார்த்தார்.

அதற்குக் காரணம் இருந்தது. முந்தைய நாள் சாயங்காலம் வால்தான் காருக்குள் உட்கார்ந்து 'விர்ர்ர்' என்று வாயாலேயே ஓட்டிக்கொண்டிருந்தான். போன மாதம் ஒரு தடவை கண்ணாடியை ஏற்றாமல் இறங்கிப் போய், ஒரு பூனை உள்ளே புகுந்து தூங்கியதும் உண்டு.

"மறுபடியும் கண்ணாடியைத் திறந்து விட்டுட்டியா?"

"இல்ல மாமா. ஏத்திட்டேன்."

"ஏத்தியிருந்தா தண்ணி எப்படி உள்ள வரும்? காலையில அம்மா பார்த்து மூடியிருப்பாங்க."

அம்மா தனக்கு நினைவில்லை என்றார். காலையில் கொடியில் நனைந்து கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு ஓடியதுதான் தெரியுமாம்.

மாமா கோபக்காரர் இல்லை. ஆனால் கோடை முழுக்கப் பட்ட பாடு அன்று அவர் குரலில் ஏறிக்கொண்டது. பொறுப்பு இல்லாதவன் என்றார். இனிமேல் காரைத் தொடவே கூடாது என்றார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடுகிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். கடைசியில், "முதல் சவாரி உனக்கு இல்ல. உங்க அக்காதான் வருவா" என்று முடித்தார்.

வால் உள்ளே போய் மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டான். சாப்பிடக் கூப்பிட்டபோதும் வரவில்லை.

குண்டூசிக்கு என்னவோ போல் இருந்தது. ஆசைப்பட்டது தானாகக் கைக்கு வந்துவிட்டது. சந்தோஷம் மட்டும் வரவில்லை. அவளும் குனிந்து மேசைக்கு அடியில் நுழைந்தாள்.

"நிஜமா ஏத்தினியா?"

"ஏத்தினேன் அக்கா. பூனை வந்துச்சுல்ல, அதுலேருந்து ரெண்டு தடவை பார்ப்பேன்."

அவன் அழாமல் சொன்னான். பொய் சொல்லும்போது வால் எப்போதும் முன்கூட்டியே அழுதுவிடுவான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் வெளியே போய்க் காரைச் சுற்றி வந்தாள். பிறகு கதவைத் திறந்து இருக்கையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. கதவின் உள்பக்கத்தைத் தடவினாள். அதுவும் காய்ந்திருந்தது. ஜன்னல் வழியாக மழை வந்திருந்தால் முதலில் இருக்கைதானே நனைய வேண்டும்? இருக்கையைத் தாண்டிக் குதித்துத் தரையை மட்டும் நனைக்க மழை என்ன தவளையா?

சனிக்கிழமை காலை, மாமா கடைக்குப் போயிருந்த நேரம், அவள் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அம்மா தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். சாவியை எடுத்துக் கொடுத்தார். இன்ஜினை மட்டும் தொடக் கூடாது என்றார். பிறகு நாற்காலியை ஜன்னல் ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

குண்டூசி கூரையை மூடி, கண்ணாடிகளை ஏற்றி, டார்ச் விளக்கோடு உள்ளே உட்கார்ந்தாள். வெளியே வால், செடிக்குத் தண்ணீர் விடும் குழாயோடு நின்றான். தான் தொடக் கூடாது என்று மாமா சொல்லியிருக்கிறாரே என்று தயங்கினான்.

"நீ எங்க தொடப் போற? தண்ணிதானே தொடப் போகுது" என்றாள் அவள்.

முன்கண்ணாடி மேல் பீய்ச்சினான். உள்ளே ஒரு சொட்டு இல்லை. ஜன்னல் மேல் பீய்ச்சினான். இல்லை. கூரையின் நடுவில் பீய்ச்சினான். அம்மா சத்தமாக, தையல் எப்படி இருக்கிறது என்று ஜன்னலில் இருந்து கேட்டார். தையலில் குறையே இல்லை என்று உள்ளே இருந்து பதில் போனது.

பிறகு கூரையின் பின்பக்கம் தண்ணீர் விட்டான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் இருக்கைக்குப் பின்னால் 'களக், களக்' என்று சத்தம் கேட்டது. குண்டூசி இருக்கையின் மேல் குப்புறப் படுத்து, தலையைப் பின்னால் நுழைத்து விளக்கடித்தாள். மாமாவின் தலை அங்கே நுழையவே நுழையாது.

கூரை மடங்குகிற இடத்தில் சின்ன வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் இருந்தது. கூரையில் விழுகிற தண்ணீரெல்லாம் அதில் வந்து சேர்ந்து, மூலையில் உள்ள ஓட்டை வழியாகக் காருக்கு அடியில் இறங்கிப் போக வேண்டும். அந்த ஓட்டையைத்தான் காணோம். முற்றத்து மரத்தின் இலைகளும் பல வருஷத்து மண்ணும் சேர்ந்து அதை அடைத்திருந்தன. போக வழியில்லாத தண்ணீர் தேங்கி, நிரம்பி, உள்பக்கமாக வழிந்துகொண்டிருந்தது.

"கண்டுபிடிச்சுட்டேன். குழாயை நிறுத்து" என்றாள்.

இலைகளைக் கையால் அள்ளி ஒரு வாளியில் போட்டாள். உள்ளே இறுகியிருந்த மண் மட்டும் வரவில்லை. கம்பியால் குத்தலாமா என்று வால் கேட்டான். ஓட்டையிலிருந்து கீழே இறங்கும் ரப்பர் குழாய் கிழிந்துவிட்டால் புதுத் தலைவலி என்று அவள் யோசித்தாள். உள்ளே விடுகிற பொருள் வளைய வேண்டும், ஆனால் உறுதியாகவும் இருக்க வேண்டும். ஓடிப்போய்த் தன்னுடைய ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்து வந்தாள். பிளாஸ்டிக் கயிறு. ஒரு பக்கக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, நுனியை ஓட்டைக்குள் மெதுவாக விட்டு விட்டு எடுத்தாள். வால் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டு, அடியில் பார்த்தான்.

"ஒண்ணும் வரல அக்கா. இன்னும் வரல. ம்... வருது. சேறு வருது. இப்ப தண்ணி வருது, டீ கலர்ல."

இன்னொரு பக்க ஓட்டையையும் அதே மாதிரி சுத்தம் செய்தார்கள். மறுபடியும் குழாயைத் திறந்து பார்த்தார்கள். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் தெளிவாக ஓடியது. காருக்குள் ஒரு சொட்டு இல்லை. ஆனால் வால் தலையிலிருந்து கால் வரை சொட்டச் சொட்ட நின்றான்.

மதியம் மாமா வந்தார். குண்டூசி அவரை உள்ளே உட்காரவைத்து எல்லாவற்றையும் செய்து காட்டினாள். மாமா வாளியில் கிடந்த இலைகளைப் பார்த்தார். காய்ந்த இருக்கையைத் தொட்டுப் பார்த்தார்.

"கண்ணாடி திறந்திருக்கவே இல்ல மாமா. அவன் சொன்னது நிஜம்" என்றாள் குண்டூசி.

"நீ பேசாம இருந்திருந்தா நாளைக்கு முதல்ல நீதானே வந்திருப்ப?"

"அது அவனோட இடம்."

மாமா காரிலிருந்து இறங்கினார். வால் வாசற்படியில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாமா அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மெல்லிய குரலில், "தப்பு என் மேலதான். விசாரிக்காம திட்டிட்டேன். மன்னிச்சுக்கோ" என்றார்.

வால் கொஞ்சம் யோசித்தான். "திட்டினது எதிர்வீடு வரைக்கும் கேட்டுச்சு மாமா" என்றான்.

மாமாவுக்குப் புரிந்தது. எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். தப்பு தன்னுடையது, தன் மருமகன் பொறுப்பானவன் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. இந்தத் தடவை அது உடனே மூடிக்கொள்ளவில்லை. வாலின் முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்லப் பரவியது. அன்று சாயங்காலம் தரைவிரிப்பைக் கொடியில் போட்டுவிட்டு, இரண்டு ஆள் சாப்பாட்டை ஒருவனாகச் சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். கூரை மடங்கிப் பின்னால் போனது. இன்ஜின் ஒரு தடவை இருமி, பிறகு சீராக ஓடியது. வால் இருக்கைப் பட்டையைப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, தெருவில் நின்ற எல்லாருக்கும் கையசைத்தபடி போனான். நின்றிருந்த ஒரு தபால் பெட்டிக்குக்கூடக் கையசைத்தான்.

திரும்பி வந்ததும் குண்டூசியின் முறை. அவள் உட்கார்ந்தாள். கார் தெருமுனையைத் தாண்டியதும் காற்று அவள் தலைமுடியை அள்ளிப் பின்னால் வீசியது. மரக்கிளைகளும் வானமும் தலைக்கு மேல் ஓடின. அவள் கையை மேலே தூக்கிக் காற்றைப் பிடித்துப் பார்த்தாள்.

"போதுமா? திரும்பலாமா?" என்று கேட்டார் மாமா.

"அடுத்த தெருவையும் பார்த்துட்டுப் போகலாம் மாமா."

மாமா அடுத்த தெருவுக்குள் திரும்பினார். அதற்கடுத்த தெருவுக்கு, அவள் கேட்காமலேயே திரும்பினார்.