மங்கலுக்குள் ஒரு கோடு

"சார், என்னைய மீன் திருடன்னு சொல்லிட்டாங்க!"

தர்மபுரி பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த துப்பறியும் அலுவலகத்துக்குள் கண் கலங்க வந்து நின்றார் போட்டோகிராபர் வீரமணி. துப்பறிவாளர் மாதவராஜ் நிதானமாக நாற்காலியைக் காட்டினார். போன மாதம் அவர் கண்டுபிடித்தது ஒரே ஒரு செருப்பு. அதுவும் அவர் காலிலேயே இருந்தது.

"பூனைதான் சார்!" என்றாள் உதவியாளர் பாரதி. எந்த வழக்கிலும் அவளுடைய முதல் சந்தேகம் பூனை மேல்தான்.

வீரமணி மூச்சு விடாமல் சொன்னார். அருள்ராணி என்பவர் மீன் மசாலா பாக்கெட் போடுகிறார். அட்டைப் படத்துக்காக ஒகேனக்கல் மீனை வறுத்து மேஜையில் வைத்திருந்தார். வீரமணி படம் பிடித்து, கேமராவை வாசலில் நின்ற அவரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்பினால், தட்டில் முள் மட்டும்.

"ரூமுல நீ மட்டும்தானே இருந்தன்னு தெருவுக்கே கேக்கறாப்ல கத்திட்டாங்க. ஞாயித்துக்கெழம கல்யாண ஆர்டரும் போச்சு. இனி எவன் சார் என்னைய வூட்டுக்குள்ள விடுவான்?"

"நீங்க சாப்பிடலையே?"

"பளபளப்புக்கு மல்லிகை வாசத் தலையெண்ணெய் தடவுனதே நான்தாங்க. அதை நானே திம்பனா?"

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொன்னா அந்தக்கா அடிப்பாங்களே!"

மூவரும் அருள்ராணி வீட்டுக்குப் போனார்கள். வேளாங்கண்ணிக்கு மாலை போட்டு, மீனைத் தொடாமல் விரதமிருக்கும் கணவர் ஆண்டோ, காவி வேட்டியில் பவ்யமாக நின்றார். மாதவராஜ் கடைசிப் படத்தைப் பெரிதாக்கினார். மீன் மேல் தூவிய பொடி சிவப்புக் கோடாக இறங்கியிருந்தது. பின்னால் எல்லாம் மங்கல். அதில் குறுக்கே ஒரு காவிப் பட்டை.

"அது மொளகாத்தூள் சாக்குங்க," என்றார் ஆண்டோ. "கேமரா ஆடிருச்சு. நான் அப்ப கோயில்ல செபமாலை சொல்லிட்டிருந்தேன்."

"கேமரா ஆடியிருந்தா மீனும் ஆடியிருக்கும். தட்டோட விளிம்பு கத்தி மாதிரி தெரியுதே."

"பின்னாடிதான் ஃபோகஸ் இல்லீங்களே?"

"ஃபோகஸ் இல்லாதது நாலாபக்கமும் உப்பித் தெரியும். அந்த பல்பைப் பாருங்க, பந்து மாதிரி இருக்கு. இதுவோ ஒரே பக்கமா இழுத்திருக்கு. பொடி கோடா விழணும்னு வீரமணி கேமரா ஷட்டரை மெதுவா மூடற மாதிரி வெச்சாரு. அந்நேரம் பின்னாடி நடந்துபோன காவியும் கோடாயிருச்சு. சாக்கு நடக்குமா?"

"பூனை நடக்கும் சார்!"

"காவி கட்டின பூனையா, பாரதி?"

ஆண்டோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் விரதக்காரன்ங்க! மல்லிப்பூ வாசம் அடிக்கற மீனை எவன் திம்பான்?"

மாதவராஜ் கேமராவைக் கீழே வைத்தார்.

"அந்த வாசம், தடவினவருக்குத் தெரியும்," என்றார் மாதவராஜ். "தின்னவருக்கும் தெரியும்."

"நான் வறுத்த மீன்ல மல்லிப்பூவா?" என்று அருள்ராணி திரும்பினார். வீரமணி சட்டென்று மாதவராஜின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார்.

ஆனால் அருள்ராணி நேரே வாசலுக்குத்தான் போனார். முன்பு கத்திய அதே குரலில், "வீரமணித் தம்பி திங்கலீங்க! என் வூட்டுக்காரருதான் தின்னாரு!" என்றார். கல்யாண வீட்டுக்கும் அவரே போன் போட்டார். பிறகு புது மீனை வறுத்து, தலையெண்ணெய்க்குத் தடை விதித்து, ஆண்டோவைக் கண்ணெதிரே, மேஜைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"அசையாதீங்க. அசைஞ்சா கோடாயிருவீங்க."

ஆண்டோ மூச்சுகூட விடவில்லை. இன்று அந்த பாக்கெட்டில் மீனுக்குப் பின்னால் மங்கலாக ஒரு காவி உருண்டை இருக்கிறது. வாங்குகிறவர்கள் அதை ஆரஞ்சுப்பழம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.